கேப்பு விடாத செட்டு

வாங்க தம்பி, செருப்போடயே வாங்க. இது கடைதானே, வீடு பின்னாடி. இப்பிடி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. என்னது, ஃபேன் வேணாமா? மைக்குல சத்தம் விழுமா? இந்த ஓட்ட ஃபேன் சத்தத்துக்கே இம்புட்டு யோசிக்கிறீங்க, நீங்க எங்கிட்டுப் போயி சினிமா மியூசிக்கப் பத்தி வீடியோ போடப் போறீங்க? சரி சரி, அமத்திட்டேன். வேர்த்து ஊத்துனா என்னையச் சொல்லக் கூடாது.

இதுவா மைக்கு? சட்டையில குத்துறதா? இம்புட்டூண்டு இருக்கு! நம்ம கடையில மைக்குன்னா கையில புடிச்சா கனக்கணும் தம்பி. பேசுறவனுக்கே ஒரு தைரியம் வரணும். இதப் பாத்தா சட்டைப் பித்தான் மாதிரி இருக்கு. ஹலோ... ஹலோ... செக்... விழுகுதா? மெதுவாப் பேசுனாப் போதுமா? அதுதான் நம்மால ஆகாத காரியம்.

ஜெயக்கொடி சவுண்ட் சர்வீஸுன்னு சின்னமனூர்ல எந்த டீக்கடையில கேட்டாலும் கையைக் காட்டுவாங்க. கல்யாணம், காதுகுத்து, பொங்கல், கட்சிக் கூட்டம், எழவு, எல்லாத்துக்கும் நாமதான். போன மாசம்கூட புதுசா ஒரு வண்டி எறக்கியிருக்கேன், வெளிய நிக்கிது பாத்தீங்கள்ல? முழுக்க ஸ்பீக்கர் பாக்ஸு. அந்த வண்டி நாலு தெரு தள்ளி வரும்போதே இங்க தண்ணிக் கொடம் ஆடும். தொழிலுக்கு ஒரு கொறையும் இல்ல. அத மொதல்ல சொல்லிப்புடுறேன், ஏதோ பாவப்பட்ட ஆளுன்னு வீடியோவுல காட்டிப்புடாதீங்க.

‘புகையன்’ படத்து மியூசிக்கு ஏன் இன்னும் சனங்க மனசுல நிக்கிது? அதானே கேள்வி? சொல்றேன். ஆனா ஒரு கண்டிசன். எல்லாஞ் சொல்லி முடிச்சதும் எம் மகன் மதிவாணனுக்கு நாலு வார்த்தை பேசுவேன். அத மட்டும் வெட்டாமப் போடணும். பய வீட்ட விட்டுப் போயிட்டான் தம்பி. நம்பர மாத்திட்டான். மெட்ராஸ்ல இருக்கான்னு ஒருத்தன் சொல்றான், பெங்களூர்ல பாத்தேன்னு ஒருத்தன் சொல்றான். எங்க இருந்தாலும் அந்தப் படத்து மியூசிக்கப் பத்தி எவன் என்ன பேசுனாலும் கேட்டுருவான். அதுக்குத்தான் நீங்க கேட்டதும் வரச் சொன்னேன். இல்லைன்னா முகூர்த்த மாசத்துல எனக்கு ஏது நேரம்?

கத தெரியாதவங்களுக்காக நாலு வரி. தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்குற பய ஒருத்தன். ஆபீஸு தீப்புடிச்சு எரியிறப்ப உள்ள மாட்டிக்கிறான். சாகல, புகையாப் போயிடுறான். செவுத்துக்குள்ள புகுந்து வருவான், பூட்டுன கதவுக்கு அடியில வருவான். ஊருல ஒரு அக்கிரமம் நடக்க விடமாட்டான். ஆனா ரொம்ப சோகமான படம். இருட்டு, கரி, மழை. சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு கெடையாது. மொதல்ல எனக்குப் புடிக்கல. ஹீரோன்னா ஒரு பாட்டாச்சும் ஆட வேணாமா?

மியூசிக்குக்கு வாரேன். வெளிநாடு போயி, ஒரு மண்டபம் நெறைய ஆள உக்கார வச்சு வாசிச்சிருக்காங்க. ஆளு உசரத்துக்கு வயலின் இருக்குல்ல, நின்னுக்கிட்டே இழுப்பாங்கள்ல, அதுல ஆரம்பிக்கும். ரெண்டே சுரம். கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. திருப்பித் திருப்பி. யாரோ மாடிப்படி ஏறி வார மாதிரி. அதுமேல சின்ன வயலின் ஏறும், அதுமேல குழல் எல்லாம் ஏறும், பொம்பளைங்க கூட்டமா ‘ஆ’ன்னு இழுப்பாங்க, ட்ரம்மு நெஞ்சுல வந்து இடிக்கும். என்னையக் கேட்டா அதுதான் காரணம். பேஸு, அந்த அடிச்சத்தம். காதுல கேக்குறத மறந்துருவான் தம்பி, நெஞ்செலும்புல கேட்டத மறக்க மாட்டான். எழுதிக்கங்க.

எழுத வேணாமா? சரி.

மத்தவய்ங்க வேற சொல்லுவாய்ங்க. பஸ் ஸ்டாண்டுல பேண்டு வாசிக்கிற தங்கப்பழம் இருக்காரு, அந்தக் குழல் ஏறுற எடம்தான் உசிருங்கிறாரு. ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மா, அந்தப் பொம்பளைங்க ‘ஆ’ங்கிறதக் கேட்டா அழுக வருதுங்குது, ஆனா அதையேதான் காலையில எந்திரிக்க அலாரம் வச்சிருக்கு. எம் மகன் ஒண்ணு சொல்லுவான். மத்த ஹீரோ மியூசிக் எல்லாம் ‘வந்துட்டான், வந்துட்டான்’னு சொல்லுதுப்பா, இது ஒண்ணுதான் ‘லேட்டா வந்தான்’னு சொல்லுதுங்குவான். எனக்குப் புரியல. லேட்டா வாரவனுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய மியூசிக்கு?

அப்புறம் அந்தக் கேப்பு. அதத்தானே கேக்க வந்தீங்க? தெரியும். எல்லாரும் சுத்திச் சுத்தி அங்கதான் வருவீங்க.

படத்துல நடுவுல ஒரு எடம். ஊரையெல்லாம் காப்பாத்திப்புட்டு கடைசியா அவன் ஆத்தாளத் தேடி வாரான். கட்டடம் இடிஞ்சு கெடக்கு, ஆத்தா அடியில. மியூசிக்கு ஏறுது, ஏறுது, தியேட்டரு செவுறு அதிருது. இப்ப வெடிக்கப் போகுதுன்னு நம்ம உக்காந்திருக்கோம். படக்குன்னு நின்னு போகும். மொத்தமா. ஒரு சத்தம் இல்ல. அவன் செங்கல்லு மேல காத வச்சுக் கேக்குறான், ஆத்தா மூச்சு விடுறாளான்னு. நம்ம மூச்ச இழுத்துப் புடிச்சு, முட்டி, விடலாமான்னு தோணுற வரைக்கும் ஒண்ணும் வராது. அப்புறம் அந்த ஆளுசர வயலின் தனியா, கீழ ஒண்ணே ஒண்ணு இழுக்கும். அவ்வளவுதான், ஆத்தா செத்துட்டாள்னு தெரிஞ்சு போகும்.

இந்த எடத்துக்கு ரசிகப் பயலுக ஒரு பழக்கம் வச்சிருந்தாய்ங்க. விசிலடிச்சாத்தான் ரசிகன்னு இருந்த பயலுக, சீட்டு மேல ஏறி ஆடுற பயலுக, அந்தக் கேப்பு வந்தா மொத்தப் பேரும் மூச்சப் புடிச்சுக்குவாய்ங்க. எவன் போனாச்சும் அடிச்சா மிதிதான். மறுபடி மறுபடி வந்து பாத்தாய்ங்க, அந்த எடத்துல மூச்சப் புடிக்கிறதுக்காகவே. கிறுக்குப் பயலுக. காசு குடுத்து டிக்கெட் வாங்கி, ஒண்ணுமே கேக்காத எடத்தக் கேக்க வாரான்!

நானும் குடும்பத்தோட போனேன். ரசிகர் மன்றத்துக்கு வாசல்ல நம்ம செட்டுதான், அதனால உள்ள நல்ல சீட்டு. இந்தப் பக்கம் நான், நடுவுல எம் பொண்டாட்டி தவமணி, அந்தப் பக்கம் பய. தவமணிக்குக் கழுத்துல கட்டி இருந்து ஆபரேசன் பண்ணுனோம். உசுருக்கு ஒண்ணும் ஆகல, குரலு மட்டும் கம்மிப் போச்சு. கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். பக்கத்துல போயி காதக் குடுத்தாத்தான் கேக்கும். நமக்கு ஏது அம்புட்டுப் பொறுமை? நான் வாழ்நாள் முழுக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நின்னவன். அதனால அவ கூப்புடணும்னா எவர்சில்வர் டம்ளர எடுத்துத் தரையில ரெண்டு தட்டு தட்டுவா. டங் டங். பயலுக்கு மாடியில இருந்தாலும் கேட்டுரும். எனக்கு... நான் கடையில இருப்பேன்ல.

அன்னிக்குத் தியேட்டர்ல அந்தக் கேப்பு வந்துச்சு. ஊசி விழுந்தாக் கேக்கும். அப்ப தவமணி எம் பக்கமாத் திரும்பி ‘ஏங்க’ன்னா. நல்லாக் கேட்டுச்சு தம்பி. ஆபரேசனுக்கு முன்னாடி கேட்ட மாதிரி. அதுக்கு மேல என்னமோ சொன்னா, நான் அதுக்குள்ள ‘என்னடீ?’ன்னு கேட்டுப்புட்டேன். என் தொண்டையத்தான் தெரியுமே. மொத்தத் தியேட்டரும் திரும்பிருச்சு. பின்னாடி இருந்து ஒருத்தன் எங்க ஆத்தாளையே இழுத்துத் திட்டிட்டான். பய மூஞ்சிய மூடிக்கிட்டான். அதுக்குள்ள அந்த வயலின் வந்துருச்சு. படம் முடிஞ்சு ஆட்டோவுல வாரப்ப, ‘என்னமோ சொன்னியே, என்ன?’ன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டா. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக் கூப்புட்டாளோ.

சரி, அந்தக் கேப்ப நான் வெட்டுன கதைக்கு வாரேன். அதத்தான் பெரிய குத்தமாப் பேசுறாய்ங்க.

படம் ஓடுன சமயத்துல கல்யாணத்துக்கெல்லாம் மாப்ள மேடைக்கு நடந்து வாரப்ப ‘புகையன்’ மியூசிக் போடச் சொல்லுவாய்ங்க. உத்தமபாளையத்துல ஒரு பெரிய எடத்துக் கல்யாணம். போட்டேன். மாப்ள நடந்து வாரான், மியூசிக்கு ஏறுது, எல்லாரும் செல்போனத் தூக்கிப் புடிச்சிருக்காய்ங்க. கேப்பு வந்துச்சு. மாப்ள அப்பிடியே கால் தூக்குன வாக்குல நின்னுட்டான். பொண்ணோட தாய்மாமன் கத்துறாரு, ‘டேய், செட்டு படுத்துருச்சுடா!’ மண்டபமே சிரிக்கிது. தம்பி, எங்க தொழில்ல கேக்கக் கூடாத வார்த்தை அது. என்னைய அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். எங்க தொழில்ல சத்தம் நின்னா ஒண்ணு கரண்ட் போயிருக்கணும், இல்ல பாக்ஸு போயிருக்கணும், இல்ல நான் செத்திருக்கணும். வேற அர்த்தம் கெடையாது.

மறுநாளே தேனிக்குப் போயி, கம்ப்யூட்டர் வச்சிருக்கிற ஒருத்தர்கிட்டக் குடுத்து அந்தக் கேப்ப வெட்டி ரெண்டு பக்கத்தையும் ஒட்டி வாங்கிட்டேன். ஏறுறது அப்பிடியே ஏறிக்கிட்டே போகும், நிக்காது. திருப்பித் திருப்பி ஓடுற மாதிரியும் பண்ணிக்கிட்டேன். வெட்டுன எடமே தெரியாது. இன்னிக்கு இந்த ஜில்லாவுல பாதி செட்டுக்காரன் வச்சிருக்கிறது நான் வெட்டுனதுதான். பய கேட்டுட்டு, ‘அப்பா, நீ வெட்டுனதுதான்ப்பா மியூசிக்கு’ன்னான். மூணு நாளு எங்கூடப் பேசல. நான் கண்டுக்கல. அவங்க ஆத்தா மாதிரி. அவளும் இப்பிடித்தான், கோவம்னா பேச மாட்டா. ஆபரேசனுக்கப்புறம் எது கோவம், எது முடியலன்னே தெரியாமப் போச்சு.

தண்ணி குடிக்கிறீங்களா? எனக்கு வேணும்.

தவமணி போனது ஒரு மத்தியானம். வீரபாண்டித் திருவிழாவுக்கு நம்ம செட்டு. புது பேஸ் பாக்ஸு வந்து எறங்கியிருந்துச்சு. புதுசு வந்தா ஓட்டிப் பாக்கணும்ல? கடை வாசல்ல அடுக்கி, ‘புகையன்’ போட்டேன். நான் வெட்டுனது. என்னா அடி! எதுத்த கடை ஷட்டரு தானா ஆடுது. ரோட்டுல போறவன் நின்னு கும்புடுறான். நான் ஒரு பாக்ஸு மேல கைய வச்சுக்கிட்டு நின்னேன், கை வழியா ஏறுது. ரொம்ப சந்தோசமா இருந்தேன் தம்பி. அத மறைக்க மாட்டேன்.

பய போன் கடையில வேல பாத்தான். சாப்பாட்டுக்கு வந்தான். உள்ள போனான். திரும்பி ஓடி வந்து மெயின் சுவிட்ச அமத்திட்டான். எனக்கு வந்துச்சே கோவம். ‘புது பாக்ஸுடா, இப்பிடிப் பட்டுனு அமத்துனா வீணாப் போயிருமேடா’ன்னு கத்துறேன். அவன் வாய் அசையுது. எனக்குக் காது ரெண்டும் அடைச்சுக் கெடக்கு. என்னடா சொல்றன்னு பக்கத்துல போனேன். ‘அம்மா’ங்கிறான். அத மட்டுந்தான் சொல்லிக்கிட்டு இருக்கான்.

பின்னாடி அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல கெடந்தா. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் கையப் புடிச்சுப் பாத்துட்டு, ‘கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே’ன்னாரு. டாக்டருங்க எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. முன்னாடி போனா ‘இன்னுங் கொஞ்சம் முன்னாடி’ம்பாங்க.

வீட்டுக்கு வந்ததும் பய அந்த டம்ளர எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறான். வாய் நெளிஞ்சிருக்காம். தரையில சிமிண்டு பேந்திருக்காம். தட்டியிருக்காப்பா, ரொம்ப நேரம் தட்டியிருக்காங்கிறான். டம்ளர்னா நெளியத்தான் செய்யும். கீழ விழுந்தா நெளியாதா? அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னான் பாருங்க, அந்த வார்த்தை இன்னிக்கு வரைக்கும் இங்க குத்திக்கிட்டு நிக்கிது. ‘ஒரிஜினல ஓட விட்டிருந்தா அந்தக் கேப்புல உனக்குக் கேட்டிருக்கும்ப்பா’ன்னான்.

நீங்களே சொல்லுங்க தம்பி. நாயமா இது? அந்தக் கேப்பு எம்புட்டு நேரம்? மூச்ச இழுத்து விடுற நேரம். அதுல கேட்டிருக்குமாம். நான் ஓடியிருப்பேனாம். அவ பொழச்சிருப்பாளாம். யாரோ ஒருத்தரு எங்கயோ உக்காந்து மியூசிக்குக்கு நடுவுல கொஞ்சம் சும்மா விட்டாரு, நான் அத வெட்டுனேன், அதனால எம் பொண்டாட்டி செத்தாளா? இத எந்தக் கோர்ட்டுலயாச்சும் ஒத்துக்குவானா?

சரி, விடுங்க, உங்க வேல கேக்குறது.

எழவுக்கு ஒப்பாரிப் பாட்டு வேணாம், வேட்டு வேணாம்னு பய சொன்னான். தூக்குறப்ப அந்த மியூசிக்கு மட்டும். ஒரிஜினலு. மெதுவா. ஒரே ஒரு தடவ. சரின்னேன். புள்ள கேட்டு இல்லைன்னு சொன்னதில்ல நான். ஆனா மெதுவாங்கிறது எப்பிடி? ஊருக்கெல்லாம் செட்டுப் போடுறவன் வீட்டு எழவு. கம்பத்துல இருந்து கூடலூர் வரைக்கும் தொழில்காரன் எல்லாம் மாலையோட வந்து நிக்கிறான். இருந்த பாக்ஸு அத்தனையும் வண்டியில ஏத்திட்டேன். அவளுக்கு நான் வேற என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிஞ்சது அதுதானே.

பய முன்னாடி கொள்ளிச்சட்டியப் புடிச்சுக்கிட்டு நடக்குறான். மெயின் ரோட்டு முக்குல திரும்புறப்ப கேப்பு வந்துச்சு. ஒரிஜினல்தானே ஓடுது. ரோடே நின்னுருச்சு தம்பி. தூக்குனவங்க நின்னுட்டாங்க. பஸ்ஸு நின்னுருச்சு. பொம்பளைக அழுகிறத நிப்பாட்டிட்டாங்க. முக்குல நமக்குப் போட்டிக் கடை சோலை சவுண்ட்ஸ்காரன் நிக்கிறான், என்னையவே பாக்குறான். நம்ம வீட்டு எழவுலயே செட்டு படுத்துருச்சுன்னு நாளைக்கு ஊரெல்லாம் பேசுவானே. வண்டியில மைக்கு தொங்குது. கை தானாப் போச்சு. ‘அன்னை தவமணி அம்மாளின் இறுதி ஊர்வலம் இதோ வந்து கொண்டிருக்கிறது, பொதுமக்கள் வழிவிட்டு ஒத்துழைக்குமாறு கேட்டுக் கொள்கிறோம், ஒலி ஒளி அமைப்பு ஜெயக்கொடி சவுண்ட் சர்வீஸ், சின்னமனூர்...’

கடை போன் நம்பரும் சொல்லிட்டேன். வாய்ப் பழக்கம் தம்பி. மைக்கப் புடிச்சா அது தன்னால வரும். நான் என்ன வேணும்னா சொன்னேன்?

பய திரும்பிப் பாத்தான். சட்டியில இருந்து புகை மூஞ்சியில அடிக்கிது, கண்ண மூடாமப் பாக்குறான். செய்ய வேண்டியது அம்புட்டையும் செஞ்சான், காரியம் முடிச்சான், மொட்டத் தலையோட ஒரு பையத் தூக்கிட்டுப் போயிட்டான்.

எவனோ ஒருத்தன் போன்ல அதப் புடிச்சு நெட்டுல போட்டுட்டான். அந்த வீடியோவப் பாத்துட்டுத்தானே நீங்களே வந்தீங்க? லட்சக்கணக்குல பாத்திருக்காங்களாம்ல. கமெண்டுல திட்டத்தான் செய்றாய்ங்க, ‘புகையன்’ ரசிகனுக எல்லாம் அப்பிடித்தான், கேப்புல பேசிட்டேன்னு கோவம். செத்தது எம் பொண்டாட்டி, இவய்ங்களுக்கு மியூசிக்கு கெட்டுப் போச்சுன்னு வருத்தம். ஆனா ஒண்ணு, அதுல நம்பரக் கேட்டுட்டு திருப்பூர்ல இருந்தெல்லாம் செட்டுக்குக் கூப்புட்டாங்க.

போதும். இப்ப பயலுக்குப் பேசிக்கிறேன். ஓடுதுல்ல? எந்தப் பக்கம் பாக்கணும்?

மதி, அப்பா பேசுறேன்யா. சாப்புட்டியா? வண்டி புதுசு எறக்கியிருக்கேன்டா, நீ பாத்தா அசந்துருவ. வந்து நீயே ஓட்டு, நான் கல்லாவுல உக்காந்துக்கிறேன். அம்மா படத்துக்குக் கீழ சின்னதா ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருக்கேன், விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் சாமி பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், அவளுக்கு வீடு வெறிச்சுன்னு இருக்கக் கூடாதுல்ல. நீ எதையும் மனசுல வச்சுக்காத. நானும் வச்சுக்கல. உன்னைய மன்னிச்சுட்டேன்யா. வந்துருடா. எனக்கு ரொம்ப... வந்துரு.

அவ்வளவுதான். நல்லா வந்துச்சா? ஏன் தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?

என்னது?

உங்ககூடவா? உங்க வீடியோவுக்கெல்லாம் சவுண்டு பாக்குறது எம் மகனா? அடப் பாவி மக்கா, அத வந்தவுடனே சொல்ல வேணாமா? நல்லா இருக்கானா? எளச்சிருக்கானா? முடி வளந்துருச்சா? அவன்தான் அனுப்புனானா உங்கள? அப்பாவப் பாத்துட்டு வாங்கன்னு அவனே சொன்னானா?

அப்பிடி இல்லையா. வேற எப்பிடி?

மெதுவாச் சொல்லுங்க, எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். பின்னாடி அடுப்படியில... எல்லாத்தையும் அமத்திட்டு... ஒரு நிமிசம் சும்மா? சத்தமில்லாத வீட்டையா ரெக்கார்டு பண்ணணும்? அதுல என்னய்யா கேக்கும்? ஓ. வீடியோவுல அந்தக் கேப்பப் பத்திச் சொல்ற எடத்துல, அந்த நிமிசத்த வைக்கணும்னானா? எங்க அம்மா இருந்த எடத்து அமைதின்னானா?

அப்ப நான் பேசுனதெல்லாம்?

வேணாம்னானா. எதுவுமே வேணாம்னானா. சரி. அவன் வேலைக்கு எது வேணுமோ அவனுக்குத்தானே தெரியும். என்னையப் பத்தி வேற ஒண்ணும் கேக்கலியா? சும்மா, சுகர் மாத்திரை போடுறாரான்னு, அந்த மாதிரி? கேக்கல. அப்பா பேசாம இருந்தாப் போதும்னு மட்டும் சொன்னானா. சரி சரி, நீங்க ஏன் தம்பி சங்கடப்படுறீங்க? வாங்க, உள்ள வாங்க. எம்புள்ள எங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கான். குடுத்துருவோம். இது ஒரு பெரிய காரியமா?

இதுதான் அடுப்படி. இந்தா, ஸ்பீக்கர அமத்திட்டேன். பிரிட்ஜையும் புடுங்கிறேன். மாவு புளிச்சாப் புளிக்கட்டும். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க, நான் இப்பிடித் தரையில உக்காந்துக்கிறேன். மைக்க எங்க வைக்கிறீங்க? அங்கயா? அவ கெடந்தது கொஞ்சம் தள்ளி, இங்க. ஆங், அங்கதான். ஆரம்பிங்க.

ஓடுதா? ஓடுதுன்னா கையக் காட்டுங்க, நான் பேச மாட்டேன்.

ஐயய்யோ, பேசிட்டேனா? சரி, மறுபடி.

தம்பி, ஒரு நிமிசங்கிறது இம்புட்டு நேரமா? ஆகியிருக்கணுமே. இன்னும் பாதிகூட ஆகலையா? இல்ல, எனக்கு இந்தக் காதுக்குள்ள ‘ஙொய்’னு ஒண்ணு எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கும், சும்மா இருந்தா அது பெருசாயிரும். அதான். இப்ப பாருங்க, வாயிலயே துண்ட வச்சுக்கிறேன். எம்புள்ளைக்காக இருக்கேன். போடுங்க.

ஆச்சா? ஆயிருச்சா? முழுசா வந்துருச்சுல்ல? நான் அசையவே இல்லையே! தம்பி, ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது. நடுவுல, பாதி போனப்ப, உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா? பொம்பளக் கொரலு. ‘ஏங்க’ன்னு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. இந்தப் பக்கமா. தியேட்டர்ல கேட்டது மாதிரியே. உங்க மைக்குல விழுந்திருக்கும், அது சின்னச் சத்தத்தையெல்லாம் புடிக்கும்னீங்கள்ல? போடுங்க, போட்டுக் காட்டுங்க. அவ என்ன சொல்ல வந்தான்னு அதுக்கு மேல இருக்கும். அத மட்டும் கேட்டுப்புட்டா எனக்குப் போதும்.

இன்னும் கொஞ்சம் முன்னாடி போடுங்க. ஆங், இந்த எடம்தான்.

ஒண்ணும் இல்லையே.

இருங்க, இது என்ன? இந்தச் சத்தம்? ‘என்னடீ’ன்னு. இது யாரு?

நானா? நான் எங்க பேசுனேன்? வாயில துண்டுல்ல இருந்துச்சு. மறுபடி போடுங்க... ஆமா. என் தொண்டைதான்.

நான் சொல்லவே இல்லையே தம்பி.

இல்ல, வேணாம். இன்னொரு தடவ வேணாம். என்னால ஆகாது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னீங்கள்ல, கெளம்புங்க. அவன்கிட்ட, அவன்கிட்ட என்ன சொல்லுவீங்க? பக்கத்துல மில்லு ஓடுச்சு, சரியா வரலைன்னு சொல்லுங்க. அப்பா பேசிட்டாருன்னு மட்டும் சொல்லிறாதீங்க. எப்பிடியும் அவன் கேட்டுப்புடுவான். அவனுக்குத்தான் எல்லாம் கேக்குமே.

பாத்துப் போங்க, அந்தப் படி ஒடஞ்சிருக்கு. நீங்க தெருவத் தாண்டுற வரைக்கும் வண்டியில பாக்ஸப் போட்டு விடுறேன், ‘புகையன்’தான், கேட்டுக்கிட்டே போங்க. பயப்படாதீங்க, நடுவுல நிக்காது. அத நான் வெட்டிட்டேன்ல.